நல்ல முட்டை மூழ்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடி என்று இங்கிருந்து சொல்வது சுலபம், அங்கே யார் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள் என்று அப்பா முணுமுணுக்கிறார். போனில் எனக்குக் குரல் எழும்புவதில்லை. அப்பா வேறு பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. எட்டாவதோடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும்.

நீ சொன்னபடியே அண்ணனைச் சமையல் வகுப்பில் சேர்த்துவிட்டோம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்ததே, அதற்கு வெள்ளையடித்து, சுவரோரம் வரிசையாக அடுப்பு வைத்திருக்கிறார்கள். அண்ணனைப் போல, வயது வளர்ந்தும் புத்தி மெதுவாக வளர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அடுப்பு பற்றவைப்பது, அணைப்பது, டீ போடுவது, முட்டை அவிப்பது, ரொட்டி சுடுவது, விரல் நுனியை மடக்கிக்கொண்டு காய் நறுக்குவது, இவ்வளவுதான் பாடம். ஒவ்வொன்றுக்கும் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. அடுப்பின் திருகில் சிவப்பு டேப். சிவப்புக்கு நேரே நின்றால் அணைந்தது என்று அர்த்தம்.

துணைக்கு வந்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். நான் முதல் நாள் அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். உள்ளே ஒரு நடுவயதுப் பெண் இருக்கிறாள். அவளும் படிக்க வந்தவள்தான். எல்லாருடைய பாத்திரத்தையும் தூக்கிப் பார்த்துக் குறை சொல்வாள். அதனால் அவள் பெயரே மாமியார். அவள் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு வாய் எங்க? வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்துட்டாளா?" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் கைதட்டிச் சிரித்தான். எனக்கு முகம் எரிந்தது. சமையல் டீச்சர் மட்டும் சிரிக்காமல், "வாய் இல்லாட்டி என்ன, கை இருக்குல்ல? உள்ள வா" என்றார். அன்றிலிருந்து நானும் உள்ளே.

டீச்சர் சொல்லித்தரும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் படிக்க வந்தவர்களின் கை மேல் நம் கை முழுதாக இருக்க வேண்டும். கரண்டியை அவர்கள் பிடிக்க, அவர்களை நாம் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பழகியதும் நம் கை அவர்களின் மணிக்கட்டுக்குப் போகும். அப்புறம் முழங்கை. அப்புறம் தோள். கடைசியில் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும். "வெடுக்குனு எடுத்தா பயந்துடுவாங்க. எடுத்ததே தெரியக் கூடாது" என்பார். அண்ணனுக்கு நான்தான் கை. இப்போது முழங்கை வரை வந்துவிட்டேன்.

அவனுக்கு மிகவும் பிடித்த பாடம் முட்டைப் பாடம். கிண்ணத்துத் தண்ணீரில் முட்டையைப் போட வேண்டும். நல்லது மூழ்கும். கெட்டது மிதக்கும். மிதப்பது குப்பைக்கு. "நல்லது மூழ்கும், கெட்டது மிதக்கும்" என்று பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிக்கொண்டே வருகிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தட்டு எடுத்து வைப்பது இன்னும் அவன் வேலைதான். அம்மா போன பிறகும் அம்மாவின் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தானே, நினைவிருக்கிறதா? செத்துப் போயிட்டாங்க என்று எல்லாரும் மாறி மாறிச் சொன்னோம், அவனுக்கு ஏறவில்லை. கடைசியில் நீதான் அவன் தோளைப் பிடித்து, "அம்மாவுக்கு இனிமே சாப்பாடு வேண்டாம்டா" என்று சொன்னாய். அப்போதுதான் புரிந்தது. எழுந்து போய் அம்மாவின் படத்துக் கன்னத்தைத் தொட்டான். தட்டைக் கழுவித் துடைத்து, கவிழ்த்துப் பரணில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் வாயில் அம்மா என்ற சொல்லே வந்ததில்லை. உன் தட்டு அப்படி இல்லை. "நான் வந்து சாப்பிடுறேன், என் தட்டை எடுத்து வை" என்று வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாய் அல்லவா? தினமும் அதைக் கழுவி, நிமிர்த்தி, தன் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறான்.

அண்ணனைச் சேர்க்க நீ சொன்ன விடுதிக்கும் போய்ப் பார்த்துவிட்டோம். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான். ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. யார் உதவியும் இல்லாமல் காலைச் சாப்பாட்டைத் தானே செய்து சாப்பிடத் தெரிந்தவர்களுக்குத்தான் இடம் என்றார் வார்டன். அவரே முன்னால் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பாராம்.

உன் மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். முயற்சி செய்கிறோம். நாம் இரண்டு பெண்கள் மட்டும் என்று நீ அவர்களிடம் சொல்லியிருப்பதை அப்பா சொன்னார். நாம் எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தை ஹாலிலிருந்து கழற்றிவிட்டார். ஆணி மட்டும் இருக்கிறது. அண்ணன் அதில் தன் சட்டையை மாட்டுகிறான்.

இருமலுக்கு மருந்து வாங்கிக்கொள்.

உன்
பாப்பா


அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனில் அப்பாவிடம் பேசியது எனக்கும் கேட்டது. அவ்வளவு சத்தமாகப் பேசினாய். "முட்டை அவிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒண்ணு எது, ரெண்டு எதுன்னு தெரியாதா?" என்று கேட்டாய். நடந்ததை அப்பா சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

சோதனையில் அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. விடுதிச் சமையலறையில் வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு முட்டை, இரண்டு ரொட்டித் துண்டு கொடுத்தார்கள். அண்ணன் கை கழுவினான். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மூழ்கியதும் வார்டனைப் பார்த்துச் சிரித்தான். அடுப்பைப் பற்றவைத்தான். அவித்தான், உரித்தான், ரொட்டியைச் சுட்டான், சிவப்பு டேப்புக்கு நேரே அணைத்தான். நான் வார்டனுக்குப் பின்னால் நின்றேன். என் கை அவன் மேல் எங்கேயும் இல்லை. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, சந்தோஷத்தில்.

அப்புறம் அவன் இன்னொரு தட்டு எடுத்தான். முட்டையைச் சரிபாதியாக வெட்டினான். அதில் பாதியையும் ஒரு ரொட்டியையும் வைத்து என் பக்கம் தள்ளினான். வார்டன், "உனக்கு மட்டும்தான்டா" என்று தட்டைத் திருப்பித் தள்ளினார். அவன் மறுபடி என் பக்கம் தள்ளினான். "பாப்பா பசி" என்றான். அங்கே வேலை செய்கிற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தட்டு இப்படியும் அப்படியும் போய் வந்ததில் முட்டை கீழே விழுந்தது. வார்டன் எழுந்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இங்க ஒருத்தருக்கு ஒரு முட்டை, ரெண்டு ரொட்டி. இவன் பாதியைத் தூக்கிக் குடுத்தான்னா, குடுத்ததையும் தின்னுட்டு மிச்சத்தையும் மத்தவனுங்க பிடுங்கிப்பானுங்க. ஒரே மாசத்துல எலும்பும் தோலுமா ஆயிடுவான். அப்புறம் வார்டன் பட்டினி போட்டான்னு நீங்களே வந்து நிப்பீங்க. அடுத்த மாசம் வரைக்கும் கட்டிலை வச்சிருக்கேன். இந்தப் பழக்கத்தை விட்டா கூட்டிட்டு வாங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அக்கா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வகுப்பில் டீச்சரிடம் அப்பா போய்க் கேட்டார், ஒருவருக்கு மட்டும் சமைக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று. டீச்சர் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கத்தி பிடிக்கச் சொல்லித் தருவேன். பகிர்ந்து திங்கறவன் கையைத் தட்டிவிட நான் சொல்லித் தர மாட்டேன். அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார். அப்பா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். நான்தான் கூடவே நின்று நின்று அவனைக் கெடுத்துவிட்டேனாம். பாதி உண்மைதான். என் கை அவன் கை மேலேயே இருந்ததால், சமையல் என்றால் இரண்டு பேர் காரியம் என்று அவன் நினைத்துக்கொண்டான் போல.

எனவே அந்த வேறு ஆள் நான்தான். வீட்டில் தொடங்கினேன். காலையில் அவன் ஆளுக்கு ஒரு முட்டை அவித்து, என் தட்டை என் முன்னால் வைத்தான். நான் அதை எடுத்துப் போய்க் குப்பைக் கூடையில் கொட்டினேன். அவன் ஓடி வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தான். கோபப்படவில்லை. "கெட்டதா பாப்பா?" என்று கேட்டான். வீட்டில் மீதி இருந்த முட்டைகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டான். எல்லாம் மூழ்கின. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தளும்பத் தளும்ப என்னிடம் வந்து, "பாரு, மூழ்குது. நல்ல முட்டை" என்றான்.

மறுநாள் இன்னும் கவனமாகச் செய்தான். வெள்ளையில் ஒரு கீறல் இல்லாமல் உரித்தான். ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கத்தியால் சுரண்டினான். அதையும் கொட்டினேன். அதற்கு மறுநாள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, வேறு கடையில் முட்டை வாங்கச் சொன்னான். எத்தனை முறை கொட்டினாலும் தப்பு முட்டையில்தான், என்னிடம் இருக்காது என்றே அவன் நினைக்கிறான். கெட்டதை மட்டும்தான் கொட்டுவார்கள் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

அப்பா கரண்டிக் காம்பால் அவன் விரல் முட்டியில் அடித்துப் பார்த்தார். வீங்கிப் போன அதே கையால் எனக்குத் தட்டு வைத்தான். நான் கொட்டிவிட்டு, தெருமுனைக் கடையில் பன் வாங்கி, மாடிப்படிக்குக் கீழே நின்று தின்றேன்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், அதிர்ந்து பேசாதவர்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு தம்பி இருக்கிறான் என்று சொன்னால் என்ன ஆகும்? அவன் அவர்களுக்கும் முட்டை அவித்து வைப்பான், அவ்வளவுதானே? இல்லையென்றால் அவர்கள் வருவதையாவது கொஞ்சம் தள்ளிப்போடு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன்
பாப்பா


அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. சுருக்கமாகத்தான் எழுதியிருந்தாய், ஆனால் எனக்கு எல்லாம் புரிந்தது. உனக்கு வயது ஏறிக்கொண்டே போவதும், அவனைப் பற்றிச் சொன்னதால் முன்பு வந்த இரண்டு இடமும் கைவிட்டுப் போனதும் எனக்கும் தெரியும். இந்த வீட்டுக்காக இவ்வளவு செய்தவள் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் மை கலைந்திருந்தது. கடைசி வரியில் வழியும் சொல்லியிருந்தாய். "அம்மாவுக்கு நான் சொன்னதையே உனக்கும் சொல். ஒரே நாளில் நிறுத்திவிடுவான்."

சொல்லிவிட்டேன்.

காலையில் அடுப்பின் முன்னால் இரண்டு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் பின்னால் போய் அவன் கை மேல் என் கையை வைத்தேன். அதை மணிக்கட்டுக்குக் கொண்டு போனேன். முழங்கைக்கு. தோளுக்கு. டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே, எடுத்தது தெரியாமல் எடுத்தேன். பிறகு, "பாப்பாவுக்கு இனிமே சாப்பாடு வேண்டாம்ணா" என்றேன். என் குரல் எழும்பாது என்று எல்லாரும் சொல்வார்கள். அன்று நன்றாக எழும்பியது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு முட்டையைத் திரும்ப வைத்தான். ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டான், அம்மாவின் படத்தைத் தொட்டது போல. அப்புறம் தனக்கு மட்டும் அவித்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் என் தட்டை எடுத்து, சுத்தமாக இருந்ததையே மறுபடி கழுவினான். துணியால் துடைத்தான். ஸ்டூலில் ஏற அவனுக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். நடுங்கிக்கொண்டே ஏறி, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் என் தட்டைக் கவிழ்த்து வைத்தான்.

நீ சொன்னது சரிதான். ஒரே நாள்தான் ஆயிற்று.

அன்றிலிருந்து அவன் பாப்பா என்று கூப்பிடவில்லை. நான் வழியில் நின்றால், நகரும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வகுப்பில் மாமியார், "எங்கடா உன் வாயில்லாத் தங்கச்சி?" என்று கேட்டாள். "இல்ல" என்றான். "கண்ணு அவிஞ்சு போச்சா? இதோ நிக்கிறாளே!" என்று அவள் என்னைப் பிடித்து அவன் முன்னால் தள்ளினாள். அவன் தலை நிமிராமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தான். மாமியாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கை என் தோள் மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். "நாளையிலேர்ந்து நீ பெஞ்சிலயே உக்காரு" என்றார்.

இரண்டாவது சோதனையில் தேறிவிட்டான். ஒரு முட்டை, இரண்டு ரொட்டி, ஒரு தட்டு. நான் எதிரிலேயே நின்றேன், அவன் நிமிரவே இல்லை. வார்டனுக்குப் பெரிய சந்தோஷம். அவன் முதுகில் தட்டி, "இப்பதான்டா மனுஷனாயிருக்க" என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விடுதிக்குக் கிளம்பும் நாள் காலையில் எனக்கு மனசு கேட்கவில்லை. பரணிலிருந்து என் தட்டை இறக்கி, நிமிர்த்தி, அவன் முன்னால் வைத்து உட்கார்ந்தேன். "அண்ணா, எனக்குப் பசிக்குது" என்றேன். அவன் கோபிக்கவில்லை. யாரோ தெரியாமல் இடம் மாற்றி வைத்துவிட்டது போல, தட்டை எடுத்துத் துடைத்து, மறுபடி ஸ்டூலில் ஏறிக் கவிழ்த்து வைத்தான். சொந்தத் தட்டு, டம்ளர் கொண்டு வர வேண்டும் என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். தன் தட்டை எடுத்துக்கொண்டான். உன் தட்டையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். அப்பா அதை வெளியே எடுக்கப் பார்த்தார். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை, நன்றாகப் பழகிவிட்டான் என்றார் வார்டன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் தட்டு, அதற்குப் பக்கத்தில் உன் தட்டு நிமிர்ந்து பளபளவென்று இருந்தது. அப்பாவிடம், "அக்கா எப்ப வரும்?" என்று கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டை ஒழுங்கு செய்தாகிவிட்டது. ஆணியில் மாப்பிள்ளை வீட்டார் பார்க்கும்படி உன் படத்தை மாட்டியிருக்கிறோம். அவர்கள் வரும்போது நான் நல்ல புடவை கட்டி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். நாங்கள் இரண்டு பெண்கள் என்று நீ சொன்னதற்கு ஒரு குறையும் வராது. பயப்படாதே. அண்ணன் கணக்கில் ஒருத்திதான்.

உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். நீ போகிற வீட்டில் உனக்கு வேளைக்கு வெந்நீர் கிடைக்கட்டும், உன் தட்டு என்றும் காலியாக இல்லாமல் இருக்கட்டும்.

எனக்கு ஒன்றே ஒன்று செய். அவர்களோடு வரும்போது, கடைக்குப் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு என்னோடு ஒரு நடை விடுதிக்கு வா. நீ உட்கார்ந்தால் அவன் உன் தட்டில் பாதி முட்டை வைப்பான். வார்டன் சத்தம் போடட்டும், காதில் வாங்காதே. அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, அவன் பார்க்கும்போது எனக்கு ஊட்டு. அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பினால், திரும்பிப் பார்க்கும் வரை பிடித்துக்கொண்டிரு. நான் வாயைத் திறந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கை